வார்ம்ஹோலுக்கு நான்கு பேர்: கப்பலுக்கு முன்னால் கணக்கைப் பாருங்கள்

ஈவ் ஆன்லைன் என்கிற விண்வெளி இணைய விளையாட்டைப் பற்றித் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஈவ் ஆன்லைனில் நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து வார்ம்ஹோலுக்குள் (வேறு விண்மண்டலத்துக்குத் திறக்கும் துளை) போய் ரெலிக் (பழம்பொருள்) தேடலாம் என்று இருக்கிறோம். ஒருவனுக்குத்தான் ஸ்கேன் நன்றாக வரும், மற்ற மூவரும் காவலுக்குப் பெரிய சண்டைக் கப்பலில் வருகிறோம். மதுரையில் ஒருவர் ஸ்கில் எல்லாம் ஏற்றிய கணக்கை 9,000 ரூபாய்க்குத் தருகிறார், வார்ம்ஹோல் கார்ப்பரேஷன் (வீரர்கள் சேர்ந்து நடத்தும் குழு) ஒன்றில் சேர்த்தும் விடுகிறாராம். வாங்கலாமா? என்ன கப்பல் எடுக்கலாம்?"

வாங்காதீர்கள் தம்பி. கப்பலுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் இந்த 9,000 ரூபாய்.

கணக்கை ரூபாய்க்கு விற்பதும் வாங்குவதும் விளையாட்டை நடத்தும் சிசிபி நிறுவனத்தின் விதிப்படி தடை. யாருக்குத் தெரியப் போகிறது என்பார்கள். தெரியும். அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் தொடங்கியது, முதல் பணம் எந்த கார்டில் போனது என்பதெல்லாம் நிறுவனத்திடம் இருக்கிறது. விற்றவரே ரெண்டு மாதம் கழித்து "என் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள்" என்று எழுதினால் அது அவரிடமே திரும்பிப் போகும், இல்லையென்றால் மொத்தமாக முடக்கப்படும், நீங்கள் வாயைத் திறக்க முடியாது, ஏனென்றால் வாங்கியதே விதிமீறல். அப்புறம் அதே கணக்கு மேலூரில் இன்னொரு பையனுக்கு விலை பேசப்படும். மாட்டுத்தாவணியில் நேரில் பார்த்து ரொக்கமாகக் கொடுத்தாலும் இதே கதைதான். ரூபாய்க்கு ஐஎஸ்கே (விளையாட்டுக்குள் செல்லும் பணம்) தருகிறேன் என்பவரையும் இந்த ஆளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். "ஸ்கில் நான் ஏற்றித் தருகிறேன், பாஸ்வேர்டு மட்டும் அனுப்புங்க" என்பவர் இவர்கள் எல்லோரையும் விட மோசம், உங்கள் கப்பலும் சரக்கும் விற்றுத் தீர அவருக்கு அரை மணி நேரம் போதும்.

நம் பையன்கள் ஏன் இவர்களிடம் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒமேகா என்கிற மாதச் சந்தா கட்ட கார்டைப் போட்டால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருக்கும், வங்கியில் கேட்டால் ஆப்பில் திறந்துகொள்ளுங்கள் என்பார்கள், ஆப்பில் திறந்தால் ஓடிபி வராது. 2021 அக்டோபரில் ஆட்டோ டெபிட்டுக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி வந்த பிறகு மாதாமாதம் தானாகப் புதுப்பிப்பதும் பல கார்டுகளில் நின்றுபோனது. நேர்மையாகப் பணம் கட்ட வருகிறவனை இத்தனை வாசலில் நிற்க வைத்தால் "ஜீபேயில் அனுப்புங்க, நான் பார்த்துக்கறேன்" என்கிற புரோக்கர் நல்லவராகத்தான் தெரிவார். ஸ்டீம் என்கிற விளையாட்டுக் கடை வழியாகத் தொடங்கிய கணக்கென்றால் யூபிஐயில் கட்டலாம், அந்த வழியைப் பாருங்கள். இன்னொன்று, நீங்கள் சொல்கிற வேலைக்கு ஒமேகாவே வேண்டாம். இலவச ஆல்பா கணக்கில் சாதாரண ஸ்கேன் ஃப்ரிகேட்டை (தேடலுக்கான சிறிய கப்பலை) தாராளமாக ஓட்டலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, புரோக்கர்கள் இதைத்தான் திரித்துப் பேசுவார்கள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கேரக்டர் பஜார் என்று சிசிபியே அனுமதித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதில் கைமாறுவது கணக்கு அல்ல, கேரக்டர் மட்டும்; அது உங்கள் சொந்தக் கணக்குக்கு நிறுவனத்தின் மூலமாகவே மாற்றப்படும். விலை விளையாட்டுப் பணமான ஐஎஸ்கேயில் மட்டும், ஒரு ரூபாய்கூடக் கை மாறக்கூடாது. விற்கிற கேரக்டரின் பெயரிலேயே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், பர்ஸ் மைனஸில் இல்லை என்றும், கில் ரைட்ஸ் (அந்தக் கேரக்டரைச் சுட மற்றவருக்கு இருக்கும் உரிமை) உண்டா இல்லையா, கேரக்டர் எங்கே நிற்கிறது என்றும் அங்கேயே எழுத வேண்டும், மாற்றுக் கட்டணத்தை விற்பவர்தான் கட்ட வேண்டும். உங்களிடம் பேசுகிற ஆள் "இதுவும் பஜார் மாதிரிதான் தம்பி" என்றால், சரி, ஐஎஸ்கேயில் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

கார்ப்பரேஷனில் சேர்த்துவிடுகிறேன் என்பது அடுத்த வலை. நுழைவுக் கட்டணம் கேட்பார்கள், அல்லது "உன் கப்பலையும் சாமான்களையும் எங்கள் ஆளிடம் கொடு, உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறோம்" என்பார்கள். கொடுத்தால் போனதுதான். புகார் செய்தாலும் திரும்ப வராது, விளையாட்டுக்குள் நடக்கும் இந்த மாதிரி ஏமாற்றை நிறுவனம் விளையாட்டின் ஒரு பகுதியாகவே பார்க்கிறது. புதிதாக வரும் பையனிடம் இதை முதல் நாளே கொட்டை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்வதில்லை. சேருவதற்குப் பணம் கேட்கிற கார்ப்பரேஷன் எதுவும் வேண்டாம், அவ்வளவுதான்.

இனி கப்பல். மூன்று பேர் காவலுக்கு என்கிற திட்டத்தை விடுங்கள். வார்ம்ஹோலுக்குள் லோக்கல் பட்டியலில் (அந்த மண்டலத்தில் இருப்பவர்களைக் காட்டும் அரட்டைப் பட்டியல்) யார் பெயரும் தெரியாது, அவர்களாக வாய் திறந்து பேசினால்தான் தெரியும். உங்களைப் பிடிக்க வருகிறவர் க்ளோக் (கப்பலை மறைக்கும் கருவி) போட்டு ஏற்கனவே பக்கத்தில் நிற்பார். மூன்று பேட்டில்ஷிப் வெளியே நின்றால் அவருக்குக் கொண்டாட்டம். சி1 (சி6 வரை போகும் வகுப்புகளில் முதலாவது) துளைகள் பேட்டில்ஷிப்பை உள்ளே விடாது என்பது வேறு விஷயம். துளை மொத்தம் இவ்வளவு எடையைத்தான் தாங்கும் என்று கணக்கு உண்டு, தாண்டினால் மூடிக்கொள்ளும், பெரிய கப்பல்கள் போய்வந்தால் உங்கள் வழியை நீங்களே அடைத்ததாகிவிடும். ஃப்ரிகேட் நான்குக்கு அந்தக் கவலையே கிடையாது.

நான்கு பேரும் ஹெரான், இமிகஸ், மேக்னேட் மாதிரி சாதாரண ஸ்கேன் ஃப்ரிகேட்டில் போங்கள். ஆரம்பத்தில் வருகிற கேரியர் ஏஜென்ட்களில் (புதியவருக்குப் பயிற்சி வேலை தருபவர்கள்) எக்ஸ்ப்ளோரேஷன் ஏஜென்ட் தருகிற வேலைகளை முடித்தாலே கப்பலும் கருவிகளும் கிடைக்கும். ஆஸ்டீரோ என்கிற விலை கூடிய தேடல் கப்பல் ஆசை இப்போது வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிற ஒன்று: நான்கு கப்பலிலும் ப்ரோப் லாஞ்சர் (ஸ்கேன் செய்யும் சிறு கருவிகளான ப்ரோப்களை ஏவுவது) இருக்க வேண்டும், நான்கு பேருக்கும் ஸ்கேன் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் ஸ்கேன் தெரிந்த அந்த ஒருவர் முதலில் சுடப்பட்டால் மற்ற மூவரும் உள்ளே மாட்டிக்கொண்டு, வழி சொல்ல ஐஎஸ்கே கேட்கிற எவனிடமாவது கெஞ்ச வேண்டியதுதான், அவன் சொல்கிற வழியில் அவன் ஆட்களே காத்திருப்பார்கள். லாஞ்சரில் 8 ப்ரோப், சரக்கறையில் இன்னொரு 8. வந்த துளை மூடிவிட்டால் பதற வேண்டாம், ஒவ்வொரு வார்ம்ஹோல் மண்டலத்திலும் ஒரு நிலையான துளையாவது எப்போதும் இருக்கும், ஒன்று மூடினால் வேறொன்று திறக்கும், தேடத் தெரிந்தவன் வெளியே வந்துவிடுவான். இம்ப்ளான்ட் (திறன் கூட்டும் சில்லு) எதுவும் இல்லாத க்ளோனில் (கேரக்டரின் நகல் உடல்) போங்கள்.

நுழையும் முன் துளையின் விவரத்தைப் படியுங்கள். வெறும் 'அன்னோன்' என்றால் சி1 முதல் சி3 வரை, உங்களுக்கு அது போதும். 'டேஞ்சரஸ் அன்னோன்' சி4, சி5, 'டெட்லி அன்னோன்' சி6, இவை வேண்டாம். ஆயுள் முடியப்போகிறது என்று போட்டிருந்தால் 4 மணி நேரத்துக்கும் குறைவு, அதுவும் வேண்டாம். உள்ளே போனதும் எதையும் தொடாதீர்கள். நகராதவரை சுமார் ஒரு நிமிடம் யாருக்கும் தெரிய மாட்டீர்கள், அதற்குள் டி-ஸ்கேன் (சுற்றிலும் உள்ள கப்பல், ப்ரோப்களைப் பட்டியலிடுவது) அடித்துப் பார்த்துவிட்டு, துளையை புக்மார்க் செய்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஒரே துளையில் போய்த் திரும்பிவிட்டால் மறுபடி நுழைய 5 நிமிடம் வரை விடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

'ஃபர்காட்டன்', 'அன்செக்யூர்டு' என்று தொடங்கும் இடங்களில் ஸ்லீப்பர் ட்ரோன்கள் காவல் இருக்கும், ஃப்ரிகேட் நொடியில் போய்விடும். சான்ஷா, செர்பென்டிஸ் மாதிரி கொள்ளையர் பெயர் உள்ள ரெலிக், டேட்டா இடங்களை மட்டும் தொடுங்கள். பெட்டியை ஹேக் செய்யும்போது வலது கை மவுஸில், இடது விரல் 'வி' கீயில். ரெண்டு மூன்று க்ளிக்குக்கு ஒரு தடவை டி-ஸ்கேன். 14.3 ஏயூ (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஒரு ஏயூ) தூரம் வரை காட்டும். காம்பாட் ப்ரோப் (கப்பல்களைத் தேடிப் பிடிக்கும் ப்ரோப்) என்று பட்டியலில் ஒரு வரி வந்தால் பெட்டி பாதியில் இருந்தாலும் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். க்ளோக் போட்ட கப்பல் அதில் தெரியாது, அதனால் நான்கு பேரும் ஒரே இடத்தில் குவியாமல் ஒருவர் துளைப் பக்கம் கண் வைத்திருங்கள்.

நம் ஊர் கரண்ட்டையும் சேர்த்துத்தான் தயாராக வேண்டும். மின்வாரியம் பராமரிப்புத் தடை அறிவித்த நாளில் போகவே வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் தெருமுனை கேபிள் பெட்டிக்கு பேட்டரி இருக்காது, மொபைல் ஹாட்ஸ்பாட் தயாராக வையுங்கள். தொடர்பு அறுந்தால் கப்பல் தானாகத் தள்ளிப் போய் நின்று ஒரு நிமிடத்தில் மறையும், ஆனால் இன்னொரு வீரரோடு சண்டையில் இருந்திருந்தால் 15 நிமிடம் அங்கேயே கிடக்கும். தினமும் மாலை 4:30க்கு சர்வரை நிறுத்தி ஏற்றுவார்கள், அதற்கு முன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

அந்த ஆளுக்கு முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? கொடுத்துவிட்டு இப்போது ஆளைக் காணோம் என்றால் உடனே 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் பதியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், தாமதித்தால் பணம் வேறு வேறு கணக்குக்குப் போய்விடும். உங்கள் பாஸ்வேர்டைக் காட்டியிருந்தால் இன்றைக்கே மாற்றி, இருபடிச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.