சம்பளக் குறைப்பை விடுங்கள், எந்தச் சம்பளத்தில் உங்கள் கணக்கை முடிப்பார்கள் என்று பாருங்கள்

கேள்வி: ஒரகடம் பக்கம் ஒரு கார் ஆலையில் 16 ஆண்டுகளாக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். மொத்தம் 640 பேர். விற்பனை விழுந்துவிட்டதால் இரண்டு ஷிஃப்ட் ஒன்றாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளத்தில் 20 சதவீதம் குறைக்க வேண்டும், பஞ்சப்படி உயர்வையும் நிறுத்திவைக்க வேண்டும் என்கிறது நிர்வாகம். 21 நாள் நோட்டீஸ்கூடத் தரவில்லை. சங்கத் தலைவர் நிர்வாகத்தின் பக்கம் போய்விட்டார். பொதுக்குழுவில் எங்களைப் பேசவே விடவில்லை. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து லைனை ஓட்டியவர்கள் நாங்கள். இன்று அதிகாரிகளுக்குப் புதுக் கார், எங்களுக்குச் சம்பள வெட்டு. அடுத்த வாரம் தொழிலாளர் துறையில் கையெழுத்தாகிறதாம். நான் கையெழுத்துப் போடாவிட்டால் என் சம்பளத்தைக் குறைக்க முடியுமா? ஸ்டே வாங்கலாமா? வரும் திங்கட்கிழமை 200 பேர் ஒன்றாக லீவு போட இருக்கிறோம். ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் வழக்குக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: தொழிலாளர் துறையில் கையெழுத்தாகப் போகிறது என்பது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போடப்படும் ஒப்பந்தம், பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணில் நீங்களெல்லாம் இன்னும் 12(3) என்று சொல்வது, ஆலையில் இருக்கும் அத்தனை பேரையும் கட்டும். கையெழுத்துப் போட்டவர், போடாதவர், எதிர்த்து ஓட்டுப் போட்டவர், நாளைக்குப் புதிதாகச் சேர்பவர் என்று எந்த வித்தியாசமும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டாலும் இந்த விதி மாறவில்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: குறைக்க முடியும். இதே காகிதத்தை நிர்வாகமும் சங்கமும் கம்பெனிக்குள்ளேயே கையெழுத்திட்டிருந்தால், அதாவது பழைய 18(1) ஆக இருந்திருந்தால், அது அந்த இரு தரப்பை மட்டுமே கட்டும். உங்களுக்கு வாதாட இடம் இருந்திருக்கும். அது தெரிந்துதான் அவர்கள் தொழிலாளர் துறைக்குப் போகிறார்கள்.

தலைவர் பேசவிடாதது, அதிகாரிகளின் கார், கொரோனா காலத்து உழைப்பு எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். மனுவில் அதற்கு இடமில்லை. 21 நாள் நோட்டீஸும் அப்படித்தான். நிர்வாகம் தன்னிச்சையாகச் சம்பளத்தில் கை வைத்தால்தான் அந்த நோட்டீஸ் வேண்டும். ஒப்பந்தத்தின் வழியாக வரும் மாற்றத்துக்கு வேண்டியதில்லை.

நீதிமன்றம் சம்பளக் குறைப்பை ஒருபோதும் அனுமதிக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தவறு. நிறுவனம் நிஜமாகவே நொடிந்திருந்தால், குறைந்தபட்சக் கூலிக்கு மேலே இருக்கும் சம்பளத்தைக் கீழ்நோக்கியும் திருத்தலாம் என்று கிரௌன் அலுமினியம் வழக்கில் 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரும்பான்மை ஏற்ற ஒப்பந்தத்தை வரிவரியாகத் தராசில் நிறுக்க முடியாது, மொத்தமாகத்தான் பார்க்க வேண்டும் என்பது ஹெர்பர்ட்சன்ஸ் தீர்ப்பு. அது மோசடி, உள்நோக்கம் கொண்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். தலைவர் நிர்வாகத்தோடு டீ குடித்தார் என்பது மோசடிக்குச் சாட்சி ஆகாது. ஸ்டே கிடைக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை தர எனக்கு மனசு வரவில்லை.

சரி, இனி நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் 20 சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் நீங்கள் அனுப்பிய நகலின் இணைப்பு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மொத்தச் சம்பளம் 50,000. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 30,000, மற்ற படிகள் 20,000. குறைப்பு 10,000. அட்டவணையில் அந்தப் பத்தாயிரம் முழுவதையும் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி பத்தியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி எதையும் தொடவில்லை. குறைத்த பிறகு 40,000-த்தில் 20,000 அடிப்படையும் பஞ்சப்படியும். புதிய சட்டத்தொகுப்பு ‘ஊதியம்’, அதாவது அடிப்படையும் பஞ்சப்படியும், மொத்தத்தில் பாதிக்குக் குறையக் கூடாது என்கிறது. சரியாகப் பாதியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். சட்டம் தெரிந்த யாரோ உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்பது கடைசியாக வாங்கிய அந்த மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்குவது. இன்று வேலையை விட்டால் உங்களுக்கு வர வேண்டியது ஏறக்குறைய 2,76,900 ரூபாய். கையெழுத்தான மறு மாதம் விட்டால் 1,84,600. பதினாறு ஆண்டு உழைப்பின் பணிக்கொடையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரே அட்டவணையில் போய்விடுகிறது. ஆலை மூடல் இழப்பீடு ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். அந்தச் சராசரி எடுப்பது கடைசி மூன்று மாதச் சம்பளத்தில், ஆகவே அதுவும் குறையும். பி.எஃப். உங்களுக்கு முழு அடிப்படையில் பிடிக்கிறார்கள் என்றால், நிர்வாகத்தின் 12 சதவீதப் பங்கும் மாதம் 3,600-லிருந்து 2,400 ஆகிவிடும்.

இதைவிடப் பெரியது வி.ஆர்.எஸ்., அதாவது தொகை கொடுத்து அனுப்பும் விருப்ப ஓய்வுத் திட்டம். உங்கள் ஆலையில் 300 பேருக்கு மேல் இருப்பதால் மூடுவதற்கு அரசு அனுமதி வேண்டும். வி.ஆர்.எஸ். கொடுத்து ஆளை அனுப்ப யார் அனுமதியும் வேண்டாம். அதனால் நடைமுறையில் கார் ஆலைகள் பெரும்பாலும் அந்த வழியில்தான், பேரம் பேசித்தான் முடிகின்றன. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். ஓராண்டுப் பேச்சுக்கும் போராட்டத்துக்கும் பிறகு, ஒவ்வொரு சர்வீஸ் ஆண்டுக்கும் சராசரியாக 140 நாள் மொத்தச் சம்பளம் என்று முடிந்தது. சட்டம் தருவது 15 நாள். பேசி வாங்கியது 140 நாள். நாளைக்கு உங்கள் ஆலையிலும் அதே கணக்கில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 50,000 சம்பளத்தில், 30 நாள் மாதக் கணக்கில், 16 ஆண்டுக்கு 37 லட்சத்து 33 ஆயிரம். 40,000 சம்பளத்தில் 29 லட்சத்து 86 ஆயிரம். வித்தியாசம் ஏழரை லட்சத்தைத் தொடுகிறது. இரண்டு ஆண்டுச் சம்பளக் குறைப்பில் நீங்கள் மொத்தமாக இழப்பது 2,40,000. நீங்கள் சண்டை போடுவது சின்னத் தொகைக்கு. பெரிய தொகை உங்கள் கண்ணில் படாமலே போகிறது.

இதில் மாட்டியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கம்பெனியைக் காப்பாற்றுகிறோம் என்று மனமுவந்து விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். ஒன்றரை ஆண்டில் வி.ஆர்.எஸ். அறிவிப்பு நோட்டீஸ் போர்டில் ஏறியது. ‘நடப்பு மொத்தச் சம்பளத்தின் அடிப்படையில்’ என்று அதில் இருந்தது. பழைய சம்பளத்தில்தானே கணக்குப் போட வேண்டும் என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். அவர்களே ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் மேஜையில் கிடக்கும்போது நான் எதை வைத்து வாதாடுவது? நல்லெண்ணத்தில் விட்டுக்கொடுத்தார்கள் என்பதற்கு எந்த நீதிபதியும் தனியாகத் தொகை போட்டுத் தர முடியாது.

இரண்டாவது பொறி, அந்த ‘இரண்டு ஆண்டு’. காலம் முடிந்த மறு நாள் பழைய சம்பளம் தானாகத் திரும்பிவிடும் என்று நினைக்கிறீர்கள். திரும்பாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து முறிக்கும் வரை அது கட்டும்; அதற்குப் பிறகும் புதிய ஒப்பந்தமோ தீர்ப்போ வரும் வரை அதே நிபந்தனைகள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் 1980-ல் எல்.ஐ.சி. போனஸ் வழக்கில் வந்த தீர்ப்பு. அன்று அது தொழிலாளிக்குப் பாதுகாப்பாக வந்தது. சம்பளக் குறைப்பு ஒப்பந்தத்தில் அதே விதி உங்களுக்கு எதிராகத் திரும்பும். உங்கள் நகலின் 7-வது பிரிவு, இரண்டு ஆண்டு முடிவில் ‘சம்பளத்தை மீட்டமைப்பது குறித்துப் பேச்சுவார்த்தை நடத்தப்படும்’ என்கிறது. பேசுவதாகத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், கொடுப்பதாக இல்லை.

பஞ்சப்படி நிறுத்தமும் அப்படியே. அமெரிக்காவில் 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலானபோது, ஆட்டோ தொழிலாளர் சங்கம் விலைவாசியோடு ஏறும் படியை விட்டுக்கொடுத்தது. கம்பெனிகள் எழுந்து நின்று லாபம் பார்த்தன. படி மட்டும் வரவில்லை. 2023-ல் ஃபோர்டையும் சேர்த்து மூன்று கம்பெனிகளிலும் ஆறு வாரம் வேலைநிறுத்தம் நடத்தித்தான் அதைத் திரும்ப வாங்கினார்கள். எவ்வளவு பலமான சங்கம் அது! அவர்களுக்கே பதினான்கு ஆண்டு ஆகியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனியில் அங்குள்ள சங்கமும் சம்பள உயர்வை விட்டுக்கொடுத்தது. ஆனால் 2030 முடியும் வரை கட்டாய ஆட்குறைப்பு இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டது.

திங்கட்கிழமை லீவைக் கைவிடுங்கள். ஆட்கள் எண்ணிக்கை பாதியைத் தொட்டால் கூட்டு விடுப்பே சட்டப்படி வேலைநிறுத்தம். சமரசப் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிக்குக் கீழே நின்றால், அனுமதியில்லாமல் கூட்டாக வராமல் இருந்ததாக, ஆலையின் பணி விதிகளான நிலையாணைப்படி சார்ஜ் மெமோ வரும். 200 பேருக்கும் வராது. முன்னால் நின்ற பத்துப் பதினைந்து பேருக்கு வரும். சஸ்பென்ஷன், டொமஸ்டிக் என்கொயரி, பணிநீக்கம். அப்புறம் வி.ஆர்.எஸ். வரும்போது அந்தப் பதினைந்து பேர் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் இப்படி வெளியே போனவர்களின் வழக்குகள் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன.

அதேபோல், ‘முழு மனதுடன் சம்மதிக்கிறேன், எதிர்காலத்தில் எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று எச்.ஆர். தனித்தனியாக நீட்டும் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் இருக்கும்போது அந்தக் கடிதத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. நாளைக்கு உங்கள் வாயை அடைப்பதற்குத்தான் அது.

என் யோசனை, உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்: சமரசமாகப் போங்கள். 20 சதவீதத்தை எதிர்க்காதீர்கள். உங்கள் 200 பேர் கையெழுத்தோடு சமரச அலுவலருக்கும் சங்கத்துக்கும் இந்த வாரமே ஒரு மனு கொடுங்கள். ‘குறைப்பை ஏற்கிறோம், கீழ்க்கண்ட பிரிவுகளைச் சேருங்கள்’ என்று. எதிர்ப்பு மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள். ஏற்றுக்கொண்டு திருத்தம் கேட்கும் மனுவை அப்படி ஒதுக்குவது கடினம்; உங்கள் தலைவருக்கும் கௌரவப் பிரச்சினை வராது.

முக்கியமான பிரிவு இப்படி இருக்கட்டும்: ‘பணிக்கொடை, விருப்ப ஓய்வு, ஆட்குறைப்பு, ஆலை மூடல், மரணம், விபத்து ஆகிய அனைத்துக் கணக்குகளுக்கும் இந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளமே அடிப்படையாகக் கொள்ளப்படும்.’ சட்டம் தருவதைவிட அதிகப் பணிக்கொடையை ஒப்பந்தத்தின் வழியே வாங்கத் தடை எதுவும் இல்லை. அடுத்து, குறைத்த பத்தாயிரத்தைக் குறைப்பு என்று எழுதாமல் ஒத்திவைப்பு என்று எழுதச் சொல்லுங்கள்: ஆலை மூடினாலோ, விற்றாலோ, வி.ஆர்.எஸ். அறிவித்தாலோ அந்த நிலுவை முழுவதும் உடனே தரப்பட வேண்டும். அப்படி எழுதினால் அது உங்களுக்கு வர வேண்டிய கடன். கம்பெனி திவாலுக்குப் போனாலும், கலைப்புக்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானத்தின் பேரில் வாங்கிய வங்கிக் கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கும். மூன்றாவதாக, 7-வது பிரிவில் தேதி போட்டு, அந்தத் தேதியிலிருந்து பழைய சம்பளம் தரப்படும் என்று மாற்ற வேண்டும். வெட்டு எந்தப் பத்தியில் விழுகிறது என்பதையும் கேளுங்கள். பாதியாவது படிகளிலிருந்து போகட்டும்.

ஒத்திவைப்பையும் தேதியையும் நிர்வாகம் மறுத்தால் பேரம் பேசலாம், கொஞ்சம் இறங்கியும் வரலாம். ஆனால் பழைய சம்பளமே கணக்குச் சம்பளம் என்ற பிரிவை மட்டும் மறுத்தால் உஷாராகுங்கள். ஆலையைத் தொடர்ந்து நடத்தப்போகிற நிர்வாகத்துக்கு அந்தப் பிரிவால் இன்றைக்குப் பெரிய செலவில்லை. மூடும் எண்ணம் இருந்தால்தான் அது சுமை. அப்படி மறுத்தால் சம்பளக் குறைப்புப் பேச்சை அங்கேயே நிறுத்தி, இன்றைய முழுச் சம்பளத்தில் வி.ஆர்.எஸ். என்ன தருவீர்கள் என்று சங்கத்தைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பேச்சை 50,000-த்தில் தொடங்குவதா 40,000-த்தில் தொடங்குவதா என்பது அடுத்த வாரக் கையெழுத்துக்கு முன்னால்தான் உங்கள் கையில் இருக்கிறது.