படகில் முதல் குளிர்காலம்: எந்த ஹீட்டர்?

தம்பி, இந்தக் குளிர்காலத்தைப் படகிலேயே கழிக்கப் போகிறேன், கேபினுக்கு ஒரு சின்ன சிலிண்டர் ஹீட்டர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். நான் வாங்கி அனுபவித்தவன்.

வெயிலில் வளர்ந்த உடம்பு, எப்படியாவது சூடு வந்தால் சரி என்றுதான் இருந்தேன். புகைக்குழாய் இல்லாத அந்த ஹீட்டரில் எரிவதெல்லாம் நாம் மூச்சு விடும் காற்றிலேயே கலக்கிறது. சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் வாயு 1 கிலோ எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். ஜன்னலெல்லாம் வழிந்தது, மெத்தைக்கு அடியில் பூஞ்சை. அதைக்கூடத் துடைத்துக்கொள்ளலாம். தினமும் காலையில் தலைவலி வந்தது. வெளியே போய் நின்றால் விட்டுவிடும். குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம் என்பது பக்கத்துப் படகுக்காரர் சொன்ன பிறகே உறைத்தது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அதனால், எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிற ஹீட்டராகப் பாருங்கள். டீசல் ஹீட்டர்களில் இந்த வகை கிடைக்கும். சின்னப் படகுக்கு 2 முதல் 4 கிலோவாட் வரை போதும். கேபினுக்குள் வருவது சூடான, உலர்ந்த காற்று மட்டும். ஆனால் பற்றவைக்கும்போது 12 வோல்ட் பாட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 10 ஆம்பியர் இழுக்கும், பாட்டரி சோர்ந்திருந்தால் கிளம்பாது. அணைக்கும்போது மெயின் சுவிட்சைத் தட்டாதீர்கள், ஹீட்டர் தானாக ஆறி நிற்கட்டும். புகைக்குழாயின் இணைப்புகளைத் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

விறகு அடுப்பு பார்க்க அழகு. ஆனால் ராத்திரி அணைந்ததுபோல் கிடக்கும் கங்கிலிருந்தும் அதே வாயு வரும், அள்ளி உள்ளே வைத்த சாம்பலிலிருந்தும் வரும். புதிதாக வந்தவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கரையிலிருந்து மின்சாரம் கிடைத்தால் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகவே விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள், சுருண்டிருந்தால் சூடேறி உருகும். பிளக்கை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் அதற்கு முன்னால் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்குங்கள். படகுக்கு என்று தனித் தரம் உண்டு, பெட்டியில் ஈ.என். 50291-2 என்று போட்டிருக்கும். ஒன்று படுக்கும் இடத்தில், இன்னொன்று ஹீட்டர் இருக்கும் அறையில். சமையல் கேஸ் கசிந்தால் இது கத்தாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும். அதற்கு வேறு அலாரம்.

அப்புறம் ஒன்று. குளிர் காற்று வருகிறதே என்று காற்றுத் துளையில் துணியை அடைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது, அடைத்தும் விட்டேன். அந்தத் தலைவலியில் பாதி அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

படகின் நீளத்தையும், கரை மின்சாரம் எத்தனை ஆம்பியர் என்பதையும் எழுதுங்கள். எத்தனை கிலோவாட் வேண்டியிருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.