மடக்கிய குடையோடு ஒரு நாள்

கே: நவம்பரில் நானும் என் கணவரும் இத்தாலி போகிறோம். போலோனாவுக்கு ஒரே ஒரு நாள் வைத்திருக்கிறோம். அந்த மாதம் அங்கே மழை என்கிறார்கள். நடந்து பார்க்க வேண்டிய ஊராமே! பேசாமல் மிலானிலேயே இருந்துவிடலாமா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

ப: இருந்துவிடாதீர்கள் அம்மா. நானும் மனைவியும் போனபோது எங்களுக்கும் வாய்த்தது மழை நாள்தான். மிலானிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவள் குடையை அவள் விரித்தாள், என் குடையை நான் விரித்தேன். கொஞ்ச தூரம்தான். பிறகு மடக்கியவர்கள், தெருவைக் கடக்கும்போது தவிர சாயங்காலம் வரை விரிக்கவில்லை.

காரணம் போர்ட்டிகோ. நமக்கு அந்த வார்த்தை என்றால் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடம். அங்கே அது நடைபாதை. மேலே வீட்டின் மாடி, கீழே தூண்களும் வளைவுகளும், நடுவில் நீங்கள். ஊர் முழுக்க இப்படி 62 கிலோமீட்டர் இருக்கிறது. 2021-ல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பொதுப்பணித் துறையில் 31 வருஷம் கட்டடம் பார்த்தவன் நான், அதனால் இது வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1088-ல் தொடங்கியதாகக் கணக்கு. படிக்க வந்தவர்கள் பெருகப் பெருக இடம் போதவில்லை. மாடி அறையைத் தெருப்பக்கம் நீட்டினார்கள். நீட்டியது விழாமல் இருக்கக் கீழே மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். இதற்கு நம்மூரில் ஆக்கிரமிப்பு என்று பெயர். நானே எத்தனையோ நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். அவர்களோ 1288-ல் நேர் எதிராகச் சட்டம் போட்டார்கள். புதிதாக வீடு கட்டுகிறவர் எல்லாம் போர்ட்டிகோ வைத்தே ஆக வேண்டும், குதிரையில் வருகிறவன் தலை இடிக்காத உயரத்தில். இடம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவர் தலையில். நடப்பது மட்டும் ஊர். மயிலாப்பூரில் திண்ணை வைத்துக் கட்டிய நம் தாத்தாக்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். பழைய மர முட்டு எப்படி இருந்தது என்று பார்க்க ஸ்ட்ராடா மஜ்ஜோரே தெருவில் காசா இசொலானி வீட்டு வாசலில் நில்லுங்கள். சுமார் ஒன்பது மீட்டர் உயர ஓக் மரங்கள், இன்னும் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

பெரிய சதுக்கத்தில் சான் பெட்ரோனியோ தேவாலயம். உள்ளே தரையில் சுமார் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. 1655-ல் காசினி என்ற வானியலாளர் போட்டது. கூரையில் உள்ள சிறு துளை வழியாக நண்பகல் வெயில் அந்தக் கோட்டில் விழும், அதை வைத்து நாள் கணக்கிடலாம். எங்களுக்கு வெயில் ஏது? கோட்டை மட்டும் பார்த்தோம். மழையால் நாங்கள் இழந்தது இது ஒன்றுதான்.

அதே சதுக்கத்தில் பொதெஸ்தா மாளிகைக்குக் கீழே நான்கு வழிகள் சந்திக்கும் ஒரு வளைவுக் கூடம் உண்டு. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால் குறுக்கே எதிர் மூலையில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும். காதலர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் போய்ச் சுவரில் காதை வைத்தேன். நாற்பது வருஷ இல்லறத்தின் குரல் தெளிவாக வந்தது: "ஏங்க, மொட்டை மாடி ஓட்டையில அடைச்சிருக்கற இலையை எடுக்கச் சொல்லிட்டு வந்தீங்களா?" சொல்லவில்லை. அங்கிருந்தே வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன். சென்னையிலும் மழையாம்.

மத்தியானத்துக்கு மேல் சான் லூகா போங்கள். இதை மட்டும் விடாதீர்கள். சரகோஸா வாசலிலிருந்து மலை மேல் இருக்கும் மாதா கோயில் வரை 3.8 கிலோமீட்டருக்கு ஒரே போர்ட்டிகோ, 666 வளைவுகள். 1674-ல் கட்ட ஆரம்பித்தார்கள். 1433-ல் மழை விடாமல் பெய்து பயிர் அழுகும் நிலை வந்தபோது மாதா படத்தை ஊருக்குள் ஊர்வலமாக இறக்கிக் கொண்டுவந்தார்களாம், மழை நின்றதாம். இன்றும் வருஷா வருஷம் படம் இறங்கி வருகிறது; அது நனையக் கூடாது என்றுதான் இந்தக் கூரை. "நாம மழை வரணும்னு கழுதைக்குக் கல்யாணம் பண்றோம், இவங்க நிக்கணும்னு வேண்டிக்கறாங்க" என்றாள் மனைவி. முழங்கால் வலி இருந்தால் மெலொன்செல்லோ வளைவு வரை போய்த் திரும்பிவிடுங்கள். அது வரை சமதரை, அப்புறம்தான் ஏற்றமும் படிகளும்.

இரட்டைக் கோபுரத்தில் ஏறும் ஆசை வேண்டாம். சாய்ந்திருக்கும் கரிசேண்டா கோபுரம் பலவீனமாகிவிட்டதால் 2023 அக்டோபரில் இரண்டையும் மூடினார்கள்.

கே: நாங்கள் சைவம். போலோனாவில் என்ன சாப்பிடுவது?
– ஒரு வாசகர், நங்கநல்லூர்

ப: டார்ட்டெல்லினி என்ற, குட்டிக் கொழுக்கட்டை மாதிரி பூரணம் வைத்த பாஸ்தா வேண்டாம்; உள்ளே இறைச்சி, மிதப்பதும் இறைச்சிச் சாறு. பெயரைக் கவனியுங்கள்: டார்ட்டெல்லோனி என்பது பெரியது, ரிகோட்டா என்ற பால்கட்டி வைத்தது, பெரும்பாலும் வெண்ணெயில் புரட்டித் தருவார்கள். நன்றாக இருந்தது. ஆனால் பார்மிஜானோ பால்கட்டிக்குக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறைதான் ஊற்றுகிறார்கள். அது ஆகாது என்றால் டார்ட்டெல்லோனி பூரணத்தில் கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மேலே தூவவும் வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: குடையா, ரெயின்கோட்டா?
– ஒரு வாசகி, தாம்பரம்

ப: ஊர் போலோனா என்றால், செருப்பு. போர்ட்டிகோக்களின் தரை பல இடங்களில் வழவழப்பான கல். எல்லோர் குடையிலிருந்தும் சொட்டிய தண்ணீரில் நான் ஒரு தடவை வழுக்கி, ஒரு மருந்துக்கடை வாசல் தூணைக் கட்டிப்பிடித்தேன். அடிப்பாகம் தேயாத ரப்பர் ஷூ வாங்குங்கள். குடை ஒன்று போதும்.