சராத்தொவ் சிறையும் ஒரு மெழுகுவத்தியும்

அன்புள்ள ஐயா,

வயது 36. ஐடி வேலை. கல்லூரியில் கணிதம் படித்தவன். சமீபத்தில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் போன்ஸ்லே பற்றி ஒரு காணொளி பார்த்தேன். நெப்போலியனின் படையோடு போய், ரஷ்யர்களிடம் பிடிபட்டு, சிறையில் ஒரு புத்தகம்கூட இல்லாமல் புதிய வடிவியலையே உருவாக்கியிருக்கிறார். என்னிடம் எல்லாப் புத்தகமும் பிடிஎஃப்பாக இருக்கிறது, பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் மலைப்பக்கம் போய் உட்கார்ந்தால் நடக்குமா? வடிவியலைத் தொடங்க நல்ல நூல்களும் சொல்லுங்கள்.

கா.

அன்புள்ள கா.,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். வேலையை விடாதீர்கள்.

ழான் விக்தோர் போன்ஸ்லே அந்தச் சிறைக்குப் போன வழியைக் காணொளியில் சொன்னார்களா? 1812 நவம்பரில் கிராஸ்னோய் போர்க்களத்தில், செத்துவிட்டான் என்று விட்டுவிட்டுப் போன 24 வயது லெப்டினன்ட் அவர். பிடிபட்டவர்களைப் பனியில் மாதக்கணக்கில் நடத்தியே கொண்டுபோனார்கள். வோல்கா கரையிலிருக்கும் சராத்தொவ் போய்ச் சேர்ந்தபோது 1813 மார்ச். இதைக் கேட்டுவிட்டு உங்களுக்கு மலைப்பக்கம் ஞாபகம் வருகிறது! உங்களுக்கு வேண்டியது லீவு. எழுதிக் கொடுத்தால் கிடைக்கும்.

சிறை அவரை மேதையாக்கியது என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பாரிஸின் ஏகோல் போலிடெக்னீக் என்ற பொறியியல் கல்லூரியில் மோன்ஜ் போன்ற கணிதவியலாளர்களின் வடிவியலைப் படித்துவிட்டுப் போனவர் அவர். படித்ததில் பெரும்பகுதி மறந்துபோய், மிச்சமிருந்த அடிப்படைகளை வைத்துத் தொடங்கினார். 1814-இல் விடுதலையாகி ஊருக்குத் திரும்பும்போது கையில் இருந்தவை நோட்டுப் புத்தகங்கள் மட்டும்தான். உருவங்களின் வீழ்த்தல் பண்புகளை, அதாவது ஓர் உருவம் நிழலாக விழும்போதும் மாறாமல் இருக்கும் பண்புகளைப் பற்றிய அந்தப் பெரிய நூல் வந்தது 1822-இல். நடுவில் 8 வருடம். அந்த 8 வருடமும் அவர் எந்த மலையில் இருந்தார்? மெஸ் நகரில், ராணுவப் பொறியாளராக, கோட்டை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் உத்தியோகம், மிச்ச நேரத்தில் வடிவியல். காணொளி எடுப்பவர்களுக்குச் சிறைதான் பிடிக்கும். ஆபீஸ் முடிந்து வந்து உட்காரும் மேசையை யார் படம் பிடிப்பார்கள்?

சரி, அவர் அப்படி என்னதான் கண்டார்? நான் பிளஸ் டூவில் நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் மூன்றையும் மூன்று சமன்பாடுகளாக, பத்து மதிப்பெண் கேள்விகளாக மனப்பாடம் செய்தவன். நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன். மூன்றும் ஒரே குடும்பம் என்று சொல்லிக்கொடுத்தவர் என் மகள். அப்போது அவளுக்கு 8 வயது. மின்வெட்டு இரவு. மேசையில் மெழுகுவத்தி, அதன் முன்னால் சப்பாத்தி மாவு உருண்டையில் செருகி நிமிர்த்திய கண்ணாடி வளையல். சுடர் வளையலைவிட உயரமாக இருந்தவரை மேசைமேல் விழுந்த நிழல் நீள்வட்டம். மெழுகு உருக உருக அது நீண்டுகொண்டே போனது. நிழலின் மறுமுனை மேசை விளிம்பைத் தாண்டி விழுந்தது. சுடர் வளையலின் உச்சிக்குச் சரியாக இறங்கிய நேரத்தில் நிழலின் வாய் மூடவே இல்லை. அது பரவளையம். இன்னும் இறங்கியதும் இரண்டு கைகளும் விரிந்துகொண்டன, அதிபரவளையம். "வளையல் எங்கப்பா ஓடுது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கணிதத்தில் அவ்வளவு மதிப்பெண் வாங்கியவன்!

போன்ஸ்லேயின் பதில், அது எங்கும் ஓடவில்லை என்பதுதான். பரவளையத்தில் ஒரு புள்ளி முடிவிலிக்குப் போயிருக்கிறது, அதிபரவளையத்தில் இரண்டு, அவ்வளவே. வட்டத்துக்குப் பொருந்தும் வீழ்த்தல் பண்பு மெழுகு உருகும்போதும் கூடவே வரும். இதைத் தொடர்ச்சிக் கொள்கை என்றார். பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் கணிதவியலாளர் கோஷி இதை நிரூபணமாக ஏற்கவில்லை, வலுவான ஊகம் என்ற அளவில் நிறுத்திவிட்டார். நியாயமாகப் பார்த்தால் கோஷி சொன்னதில் தவறில்லை. ஆனால் போன்ஸ்லே அதை மறக்கவே இல்லை. 1860-களில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, சராத்தொவ் நோட்டுகளை அச்சிட்டபோதும் அந்த மனக்குறையை எழுதித் தீர்த்தார். கிழவர் மேல் எனக்குப் பிரியம் வந்தது அதைப் படித்துத்தான்.

அதற்குள் அவர் பாதி வாழ்க்கையை இயந்திரவியலுக்குக் கொடுத்திருந்தார். வளைந்த தகடுகள் வைத்து நீர்ச்சக்கரத்தைத் திருத்தியமைத்தார், மெஸ்ஸில் பாடம் எடுத்தார், ஜெனரல் ஆனார், படித்த கல்லூரிக்கே தலைவராகவும் இருந்தார். ஈஃபில் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவர் பெயரும் உண்டு. இதெல்லாம் நீங்களே தேடிக்கொள்ளலாம்.

நூல்கள் கேட்டிருந்தீர்கள் அல்லவா? இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். இந்த வாரம் வீட்டில் வளையல் இருந்தால் எடுத்து நிறுத்துங்கள். மெழுகுவத்தி அதைவிட ஓர் அங்குலம் உயரமாக இருக்கட்டும். ஃபேனை அணைத்துவிடுங்கள்.