பென்னி லேனும் நாலணாக் கடலையும்

அன்புத் தம்பிக்கு,

கல்லூரி நாளிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘பென்னி லேன்’ பாட்டைத் தேடி, லிவர்பூலில் அந்தத் தெருவுக்கே போய் நின்றும் பாதி வரி விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டில் வரும் செவிலியர் எதற்குக் கசகசாப் பூ விற்கிறார், வங்கிக்காரர் போடாத ‘மேக்’ எது, ‘ஃபோர் ஆஃப் ஃபிஷ்’ என்றால் நான்கு மீனா என்பவை உங்கள் கேள்விகள். நீங்களும் செவிலியர் என்பதால் பூவிலிருந்தே தொடங்குகிறேன்.

அகராதியில் ‘பாப்பி’க்குக் கசகசாச் செடி என்றுதான் போட்டிருக்கும். இது அதன் உறவுதான், ஆனால் வேறு செடி. வயல்களில் தானாக முளைக்கும் சிவப்புப் பூ. முதல் உலகப் போரில் குண்டு விழுந்து புரண்ட பெல்ஜியம், பிரான்ஸ் மண்ணில் இது மண்டிப் பூத்ததால், மாண்ட வீரர்களின் நினைவுச் சின்னமாயிற்று. 1921 முதல், அந்தப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 நெருங்கும்போது காகிதத்தில் செய்த பாப்பியை விற்று, அந்தப் பணத்தை முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவக் கொடுக்கிறார்கள். கழுத்திலிருந்து தொங்கும் தட்டில் வைத்து விற்பதுதான் பழைய வழக்கம்.

நான் பிரிட்டனுக்கு வந்த முதல் நவம்பரில், கடைவாசலில் பதக்கங்கள் அணிந்து நின்ற ஒரு முதியவரிடம் வாங்கினேன். சிவப்புக் காகித இதழ், பச்சைத் தண்டு, நடுவில் கறுப்புப் பொத்தான். குளிரில் என் விரல்கள் மரத்துப்போய், தடித்த கோட்டில் ஊசி இறங்கவில்லை. அவர் தம் கையுறையைக் கழற்றிவிட்டுத் தாமே குத்திவிட்டார். எந்த நாடு என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் போரில் ஏறத்தாழ 74,000 இந்திய வீரர்களும் மாண்டார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். அன்றிலிருந்து எந்த ஆண்டும் பூக் குத்தாமல் இருந்ததில்லை. நீங்களும் தயங்காமல் குத்திக்கொள்ளுங்கள்.

பாப்பி விற்பது நவம்பரில். ஆனால் அதே பாட்டில் வானம் நீலமாக இருக்கிறது, மழையும் கொட்டுகிறது. தெருவில் நீங்கள் தேடிக் காணாத தீயணைப்பு நிலையமும் சற்றுத் தள்ளி மேதர் அவென்யூவில் இருக்கிறது. பென்னி லேன் என்பது அந்த ஒரு தெரு மட்டுமல்ல. தெருமுனையில் பஸ்கள் வந்து திரும்பும் ஸ்மித்டவுன் பிளேஸையும் சேர்த்து அந்த வட்டாரத்துக்கே அதுதான் பெயர். பாட்டில் வரும் நிழற்குடை அங்கேதான் இருந்தது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் ஜான் லெனனும் சிறுவயதில் பஸ் மாறிய இடம் அது. 1967இல் பாட்டு வெளிவந்தபோது அவர்கள் லிவர்பூலில் இல்லை, நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். என் ஊர்ப் பேருந்து நிலையத்தை நினைத்தால் எனக்கும் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் ஒன்றாகத்தான் வருகின்றன.

‘மேக்’ என்பது மழைக்கோட்டு. ரப்பர் பூசிய துணிக்கு 1823இல் காப்புரிமை பெற்ற ஸ்காட்லாந்துக்காரர் சார்ல்ஸ் மேக்கின்டோஷின் பெயர் அப்படிச் சுருங்கிவிட்டது.

மீன் விஷயம் நமக்கு எளிது. “நாலணாவுக்குக் கடலை கொடுங்கள்” என்று நம் தாத்தாக்கள் கேட்டதுபோலத்தான் ‘ஃபோர் ஆஃப் ஃபிஷ்’: நாலு பென்னிக்கு மீனும் சிப்ஸும். அதுவும் பழைய பென்னி. 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அந்த வரியில் மீனை அடுத்து ‘பை’ என்று முடியும் சொல்லைத் தின்பண்டம் என்று எண்ணிக் கடையில் கேட்டுவிடாதீர்கள். அது அந்தக் காலத்து இளைஞர்களின் கொச்சை வழக்கு.

இப்போது மீனும் சிப்ஸும் பவுண்டுக் கணக்கில்தான் கிடைக்கும். உப்பும் வினிகரும் போடட்டுமா என்று கேட்பார்கள். போடச் சொல்லுங்கள்.