காவலுக்கு ஒப்பந்தம் போடலாம், பொறுப்புக்கு?

கேள்வி: அமெரிக்காவில் பல சிற்றூர்கள் சொந்தமாகப் போலீஸ் வைத்துக்கொள்வதில்லையாம். பக்கத்து நகரத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டால் அந்த நகரத்துப் போலீஸே வந்து காவல் பார்க்குமாம். செலவு மிச்சம், தலைவலியும் இல்லை. நம் பேரூராட்சிகளும் இப்படிச் செய்தால் என்ன?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: செலவு மிச்சம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தலைவலி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அங்கே உள்ளூர்க் காவல் பெரும்பாலும் அந்தந்த ஊரின் பொறுப்பு. ஐயாயிரம் பேர் வாழும் ஊர் தனியாக ஒரு காவல் துறையை நடத்த வேண்டுமானால் நிலையம், வண்டி, சம்பளம், ஓய்வூதியம், வழக்குச் செலவு என்று வரிப்பணம் கரைந்துவிடும். கலிபோர்னியாவின் லேக்வுட் 1954இல் தனி நகரமானபோது, லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் (பல ஊர்கள் அடங்கிய, நம் மாவட்டம் போன்ற பகுதி) காவல் தலைவரான ஷெரிப்பிடமே காவலை ஒப்பந்தமாக விட்டது. அந்த வழியைப் பிறகு பல ஊர்கள் பிடித்துக்கொண்டன. ஒரு நகரம் இன்னொரு நகரத்திடம் காவல் வாங்குவதும் இதே கணக்கில்தான்.

கணக்கு எங்கே பிசகுகிறது என்று பார்க்க மின்னசோட்டா மாநிலத்துக்குப் போக வேண்டும். மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரண்டு பெருநகரங்களை ஒட்டியிருக்கும் சிற்றூர் ஃபால்கன் ஹைட்ஸ். மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சம். அருகிலுள்ள செயின்ட் அந்தோனி என்ற சிறு நகரத்தின் போலீஸ்தான் ஒப்பந்தப்படி அங்கே காவல் பார்த்தது.

2016 ஜூலை 6, இரவு ஒன்பது மணி. லார்பென்டர் சாலையில் ஒரு காரைச் செயின்ட் அந்தோனி காவலர் நிறுத்தினார். பின்விளக்கு எரியவில்லை என்பது சொன்ன காரணம். காரை ஓட்டியவர் ஃபிலாண்டோ காஸ்டீல், 32 வயதுக் கறுப்பினத்தவர். செயின்ட் பாலில் ஒரு மாண்டிசோரிப் பள்ளியின் உணவுக்கூடத்தில் மேற்பார்வையாளர். பிள்ளைகளின் பெயர்களோடு எந்தப் பிள்ளைக்குப் பால் ஆகாது என்பதும் அவருக்கு மனப்பாடம் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே காவலரிடம் சொன்னார். அதற்கு உரிமமும் வைத்திருந்தார். அடுத்த சில நொடிகளில் காவலர் ஏழு முறை சுட்டார். காஸ்டீல் இறந்துபோனார். பின் இருக்கையில் தோழியின் நான்கு வயது மகள் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு முன்பே காஸ்டீலைச் சாலையில் போலீஸ் நிறுத்தியது ஏறத்தாழ ஐம்பது முறை. வெவ்வேறு சிற்றூர்ப் போலீஸ்; பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபால்கன் ஹைட்ஸ் மக்கள் கொதித்துப்போய்த் தங்கள் நகர மன்றக் கூட்டங்களுக்குத் திரண்டு வந்தார்கள். அந்த மன்றத்தால் என்ன செய்ய முடிந்தது? அந்தக் காவலரை வேலையைவிட்டு நீக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அவர் பக்கத்து நகரத்தின் ஊழியர். அவருடைய தலைமை அதிகாரியை மாற்ற முடியாது. அந்த அதிகாரிக்கு மேலே இருந்த மன்ற உறுப்பினர்களைத் தேர்தலில் தோற்கடிக்கவும் முடியாது, ஏனென்றால் ஃபால்கன் ஹைட்ஸ்காரருக்குச் செயின்ட் அந்தோனியில் ஓட்டு இல்லை. கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: ஒப்பந்தத்தை முறிப்பது.

2017 ஜூனில் காவலர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது. இனி அவரைப் பணியில் வைத்துக்கொள்வதில்லை என்று அன்றே அறிவித்தது செயின்ட் அந்தோனிதான். காஸ்டீலின் தாய்க்கு ஏறத்தாழ 30 லட்சம் டாலர் இழப்பீடு தர உடன்பட்டதும் அந்த நகரம்தான். அதன் பிறகு, இனி இப்படி வழக்கு வந்தால் யார் பணம் கட்டுவது என்று இரு ஊர்களுக்கும் இடையில் இழுபறி. அந்த ஆண்டின் முடிவோடு ஒப்பந்தம் முடிந்தது.

காவலை ஒப்பந்தத்துக்கு விடுவது நமக்குப் புதிதல்ல. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளிலேயே பாடிகாவல் என்ற ஊர்க்காவல் வருகிறது. பின்னாளில் தென்மாவட்டங்களில் ஓர் ஊர்க் காவல்காரர்கள் சுற்றுவட்டார ஊர்களுக்கும் காவல் இருந்து நெல்லாகவும் பணமாகவும் கூலி வாங்கினார்கள். அதில் ஒரு நிபந்தனை இருந்தது: மாடு களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் அதன் விலையைக் கொடுக்க வேண்டும். பொறுப்பு யார் தலையில் என்பதில் குழப்பமே இல்லை. ஆனால் காவல்காரரைத் தட்டிக்கேட்க ஊருக்கு வலுவில்லாத இடங்களில் என்ன நடந்தது? கூலி தராத வீட்டு மாடு இரவோடு இரவாகக் காணாமல் போனது. அதைத் திருப்பித் தரத் துப்புக்கூலி கேட்டார்கள்.

நம் பேரூராட்சிகள் இன்றைக்கு நினைத்தாலும் இதைச் செய்ய முடியாது. நம் அரசமைப்பில் காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உள்ளாட்சிக்கு அதில் கை இல்லை. நம் காவல் துறைமேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு, இதே பக்கத்தில் எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து நின்று கேட்க உங்கள் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். பதில் சொல்ல வேண்டிய அரசும் உங்கள் ஓட்டையும் கேட்டு வந்ததுதான். மிச்சமாகும் பணத்துக்காக இந்தப் பிடியை விடச் சொல்கிறீர்களா? நான் சொல்ல மாட்டேன்.

ஃபால்கன் ஹைட்ஸ் அடுத்து எங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 முதல் அந்த ஊருக்குக் காவல் ராம்சே கவுண்டி ஷெரிப்புடையது. அதுவும் காசு கொடுத்துப் போட்ட ஒப்பந்தம்தான். ஆனால் ஷெரிப் பதவிக்குத் தேர்தல் உண்டு. ஃபால்கன் ஹைட்ஸ் அந்தக் கவுண்டிக்குள் இருக்கும் ஊர். அந்தத் தேர்தலில் அவர்களுக்கும் ஓட்டு இருக்கிறது.