குதிகால் வலி – கடிதம்

அன்புள்ள அண்ணா,

என் மகனுக்கு 12 வயது. பள்ளி அணியில் வேகப்பந்து வீசுகிறான். சனி, ஞாயிறு கிளப் ஆட்டம். நடுவில் கால்பந்துப் பயிற்சி. இரண்டு மாதமாகக் குதிகால் வலி, ஆட்டம் முடிந்தால் நொண்டுகிறான். எந்த ஷூ வாங்கலாம்? கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா?

ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள தங்கைக்கு,

மாத்திரையை விடுங்கள். ஷூ குதிகாலை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், முன்னால் விரல்கள் அசைய இடம் வேண்டும். விலைக்கும் வலிக்கும் சம்பந்தமில்லை. நம் தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை ஸோலா பட், 1984-இல் ஸ்டெல்லன்போஷில் 5000 மீட்டரை 15 நிமிடம் 1.83 விநாடியில் ஓடியது வெறுங்காலோடுதான். அப்போது வயது 17. அதற்காகப் பையனை வெறுங்காலோடு பந்து வீச அனுப்பிவிடாதீர்கள்!

வளரும் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் பின்பக்கம் ஒரு வளர்ச்சிப் பகுதி இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும். கெண்டைச்சதை அதை இழுத்துக்கொண்டே இருந்தால் வலிக்கும். 8 முதல் 14 வயதுவரை இது சாதாரணம். ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதுதான் நடப்பதில்லை.

போன சனிக்கிழமை இங்கே ஒரு மைதானத்தில் பார்த்தேன். நொண்டிவந்த பையனின் கணுக்காலில் அப்பா டேப் சுற்றுகிறார், வாயில் பாதி சமோசா. "இன்னும் நாலு ஓவர்தான்டா" என்கிறார். பையன் பதிலே பேசவில்லை, லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விளையாடுவது யார், பிள்ளையா அப்பாவா?

உங்கள் வீட்டில் பள்ளிக் கோச், கிளப் கோச், கால்பந்து கோச் என்று மூன்று பேர். ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் பார்க்கிறார். மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது யார்? நீங்கள்தான் கூட்ட வேண்டும். வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சியும் ஆட்டமும் சேர்ந்து போகக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் மகனுக்கு 12 மணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்கு இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பில் விரிசல் விழுவதும் இந்த ஓயாத வீச்சால்தான். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்கே 20 வயது ஆகாதவர்களைச் சேர்ப்பதில்லை. நாம் 12 வயதில் என்ன அவசரப்படுகிறோம்?

இரண்டு மாதம் பொறுத்தது போதும், இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். வீக்கமோ, ராத்திரி வலியோ இருந்தால் நாளைக்கே. அதுவரை பந்து வேண்டாம். கிளப் கோச் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும்.